மீன் தொட்டிக்குள் ஒரு கடல்

கண்ணெதிரே நடப்பதை நம்பாமல், தாம் செய்து வைத்த மாதிரியை நம்புகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. மாதிரிக்காரர்கள் என்று அழைப்போம்.

1982-இல் மலேசியாவின் பாடாங் செராயில் அந்த இனத்துக்குத் தலைமை தாங்கியவர் அறிவியல் ஆசிரியர் ஜூலியஸ். மீன் தொட்டியில் கடல் நீரை ஊற்றி, மோட்டார் வைத்துக் குமிழி கிளப்பி, குமிழி வெடித்துத் தெறிக்கும் துளிகளைக் கண்ணாடித் துண்டில் பிடித்து, கடல்மேல் மிதக்கும் பாசியின் கொழுப்பும் பிசுக்கும் உப்போடு காற்றிலேறி வெயிலில் அமிலமாகி ஊருக்குள் வருவதை ஏழு நோட்டுப் புத்தகங்களில் எழுதியிருந்தார். கண்ணாடியில் ஒட்டிய லிட்மஸ் தாளும் சிவந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

கடல் பதினைந்து மைல். அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தின் கித்தாப் பால் உறைய வைக்கும் கொட்டகை பதினைந்து அடி.

மனைவி கேதரின் மூன்று வருடமாக இருமினார். வேறு வீடு பார்க்கலாம் என்று அதே மூன்று வருடமாகக் கேட்டார். கடற்காற்று எங்கும் வரும், மாறிப் பயனில்லை என்றார் ஜூலியஸ். கொட்டகையில் வேலை செய்யும் முனியாண்டி ஒருநாள் வேலியோரம் வந்தார்.

“சார், அம்மா இருமுறது பாலு ஒறைய நாங்க ஊத்துற ஆசிட்னாலலா. காத்து ஒங்க வூட்டுப் பக்கம்தானே அடிக்குது.”

ஜூலியஸ் பொறுமையாகக் கேட்டார். முனியாண்டி பன்னிரண்டு வருடமாக ஆசிட் ஊற்றுகிறவர். ஆனால் கடலைப் பற்றிப் படித்தவரில்லையே.

கேதரின் திகாம் பத்து என்ற ஊரிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். இரண்டே வாரத்தில் இருமல் நின்றது. திகாம் பத்து கடலுக்கு இன்னும் பக்கம். நோட்டுப்படி இருமல் கூடியிருக்க வேண்டும்.

அவர் இல்லாத வீட்டில் ஜூலியஸுக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டிவரத்தான் பஸ் ஏறினார். ஆனால் நோட்டையும் எடுத்துக்கொண்டார். கேதரின் எதிரே உட்கார்ந்து, பென்சிலைச் சீவி, இருமலுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தார்.

“என்னங்க, நான் நல்லா இருக்கேன். அதுக்கு ஒங்க நோட்டுல எடமில்லையா?”

இருந்தது. ‘திகாம் பத்து: விதிவிலக்கு’ என்று எழுதிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் தனியாகத்தான் வந்தார்.

சிரிப்பது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் மூன்று வருடமாக ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார். அது என்னவென்று சட்டென்று நினைவுக்கு வரவில்லையென்றால், எழுந்துபோய் உங்கள் மீன் தொட்டி எங்கேயிருக்கிறது என்று பாருங்கள்.