கைதாகாத தோழர்

“ஹமாதியை மறுபடியும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்களாம்” என்றாள் மனைவி முனீரா, தட்டில் கோதுமை ரவைக் கஸ்கஸைப் போட்டபடி. “இந்த மாசத்துல இது நாலாவது தடவை.”

லுத்ஃபி முதல் வாயோடு தட்டைத் தள்ளிவைத்தார்.

ஸ்ஃபாக்ஸ் நகரில் அவர்கள் கட்சிக்கு மொத்தம் பதினோரு பேர். ‘வேர்வரை போகிறவன்’ என்பதுதான் அங்கே உச்சப் பட்டம். கிளையை வெட்டினால் போதாது, அநியாயத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று முதலில் பேசியது லுத்ஃபிதான். பட்டம் மட்டும் உடன் வேலை பார்க்கும் ஹமாதிக்குப் போய்விட்டது. எல்லாம் இந்தப் போலீஸ் அவரையே கூப்பிடுவதால்.

“அவரு நடந்தா தெருவே எழுந்து நிக்குது. நீ போனா பூனைகூட நகர மாட்டேங்குது” என்றாள் முனீரா.

மறுநாள் விடிவதற்குள், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சுவரில் லுத்ஃபி சிவப்பில் எழுதினார்: ‘அரசாங்கம் ஒழிக!’

காலையில் கூட்டம் கூடியது. “ஹமாதிக்கு என்ன துணிச்சல் பாருய்யா!”

லுத்ஃபிக்கு வயிறு எரிந்தது. அடுத்த நாள் அதன் அடியிலேயே எழுதினார்: ‘இப்படிக்கு, லுத்ஃபி, பூகோள ஆசிரியர்.’

தலைமையாசிரியர் அவரைத் தனியே அழைத்துத் தோளைத் தட்டினார். “மனசுல வச்சுக்காதீங்க. எவனோ படவா உங்களைக் கிண்டல் பண்ணியிருக்கான். வெள்ளையடிக்கச் சொல்லிட்டேன்.”

சக ஆசிரியர்கள் ஆறுதலாகக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். கணக்கு வாத்தியார் ஹமாதி மட்டும் உம்மென்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘சிரிக்காமல் சிரிக்கிறான்’ என்று லுத்ஃபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளி விட்டதும் நேரே ஸ்டேஷனுக்கு நடந்தார். மூன்று வருஷம் உள்ளே தள்ளுவார்கள். முனீரா அழுவாள். அழட்டும், ஹமாதியின் பெண்டாட்டி பார்க்கட்டும்!

“சுவத்துல எழுதினது நான்தான். பிடிங்க!”

மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வெயில் ஜாஸ்தி, வாத்தியாரே. வீட்டுக்குப் போய்ப் படுங்க.”

“ஹமாதியை மட்டும் கூப்பிடத் தெரியுதில்ல? நான் எதுல குறைஞ்சு போயிட்டேன்?” லுத்ஃபியின் குரல் உடைந்தது.

போலீஸ்காரர் பேனாவை மூடினார்.

“அவரை யாரு கூப்பிட்டா? அவராதான் வந்து வந்து நிக்கறாரு. மத்தியானம்கூட, உங்க பேரைப் போட்டு எழுதினதும் தான்தான்னு சத்தியம் பண்ணி, ‘லுத்ஃபிக்கு முன்னாடி என்னைப் பிடிச்சிடுங்க’ன்னு அழுதுட்டுப் போனாரு!”