மேலே போகாத அம்புக்குறி

இயற்பியலில் நல்ல மார்க் வாங்குகிற பெண்ணைக் கயிற்றுப் பக்கம் விடக்கூடாது. எங்கள் வீட்டார் இதைத் தொண்ணூறுகளிலேயே கற்றுக்கொண்டார்கள். எனக்குத்தான் தண்டனை இன்னும் முடியவில்லை.

அப்போது நான் ஜாசினில் நான்காம் படிவம், பதினாறு வயது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, அக்காவைப் பெண் பார்க்க மஸ்ஜித் தானா என்கிற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. முன்பு வந்த இடங்களெல்லாம் தட்டிப்போனதில் அம்மா பாதி ஆளாகியிருந்தார். வாசலில், கார் போர்ச்சுத் தூணுக்கும் எதிரே மாமரத்துக்கும் நடுவே, பலகைச் சட்டம் போட்ட பெரிய நட்சத்திரம் கயிற்றில் தொங்கியது. கயிறு நன்றாகவே தொய்ந்திருந்தது.

"வர்றவங்க பாத்தா என்னா நெனைப்பாங்க? நேரா இழுத்துக் கட்டுங்க லா!" என்றார் அம்மா.

"தூணு தாங்குமா?" என்று அப்பா தயங்கினார்.

நான் விடுவேனா? (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.) காலண்டர் தாளின் பின்பக்கம் ஃப்ரீ பாடி டயகிராம் வரைந்தேன். நடுவில் நட்சத்திரம், கீழ்நோக்கி அதன் எடை, இடமும் வலமும் கயிற்றின் இழுவிசை.

"ரெண்டு பக்கமும் கேன்சல் ஆயிடும்பா. ஒன்னும் ஆவாது."

எடையைத் தாங்க ஒரு அம்புக்குறிகூட மேலே போகவில்லை. கயிறு தொய்ந்து சாய்ந்திருந்தால்தான் கொஞ்சமாவது மேல்நோக்கி இழுக்கும். நேராக்க நேராக்க, அதே எடைக்குப் பல மடங்கு இழுபடும். அத்தனையும் தூணின் தலையில்தான் விடியும். இதெல்லாம் பிறகு புரிந்தது.

அப்பா இழுத்துக் கட்டினார். மாப்பிள்ளையின் அப்பா வெயிலுக்குப் பயந்து புதுக் காரைப் போர்ச்சுக்குள்ளே நிறுத்தினார். அக்கா டீத் தட்டோடு கூடத்துக்கு வந்த நேரம், தூண் பெயர்ந்து, தகரக் கூரை காரின்மேல் உட்கார்ந்தது. நட்சத்திரம் கடைசியாக, நிதானமாக வந்து சேர்ந்தது.

அம்மா அழுதேவிட்டார். அப்பா நான் வரைந்த படத்தை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினார். (பெற்ற தகப்பன்!) அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"படம் அழகா இருக்கு பாப்பா. இதுல என் காடி எங்க?"

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டு குலுங்கி டீயெல்லாம் சிந்தியது. அதைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரித்தார். சம்பந்தம் நிச்சயமானது.

தட்டிப்போயிருந்தால் பெரியவர் முகத்தில் நான் மறுபடி விழித்திருக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் தவறாமல் வருகிறார். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தே வருகிறார். போன தடவை கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். எனக்கு அலுத்துவிட்டது.

"மாமா, நட்சத்திரம் கட்றதையே விட்டாச்சு. காடிய உள்ளயே போடுங்க லா."

"நீ வூட்லதானே இருக்க?" என்றார்.