ஒரே டேப் ரெக்கார்டரில் இரண்டு சம்பந்திகள்

போஸ்னான், மார்ச் 1988

மதிப்பிற்குரிய ப்ரோனியா அக்காவுக்கு,

தம்பி லுட்விக் வணக்கத்துடன் எழுதுவது. நானும் தனுதாவும் நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குளிரோடு சேர்ந்து விடைபெற்றிருக்கும் என்று நம்புகிறேன்.

போன சனிக்கிழமை என் பெண் யாக்னாவின் நிச்சயதார்த்த விருந்து பாதியில் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கஸ்பர், தட்டில் கோழிச்சாறு இருக்கும்போதே எழுந்து போய்விட்டார். யாரும் மது குடித்திருக்கவில்லை. காரணம், கணினியோடு மாட்டுகிற டேப் ரெக்கார்டர்.

உனக்கு என் தொழில் தெரியும், அதன் சூட்சுமம் தெரியாது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூடும் கணினிச் சந்தையில் வாசலுக்கு இடப்பக்கம் என் மேசை. டேப்பிலிருந்து கணினிக்குள் ஒரு விளையாட்டு ஏறுவதற்குள் உருளைக்கிழங்கை உரித்து, வேகவைத்து, சாப்பிட்டும் முடித்துவிடலாம். நான் ரெக்கார்டரைத் திறந்து ஒரு சின்ன சர்க்யூட்டைப் பற்றவைத்துத் தருகிறேன். டர்போ என்பார்கள். அதற்கப்புறம் தேநீர் ஆறுவதற்குள் ஆட்டம் ஓடும். ஆனால் என் டர்போவுக்கென்று நான் பதிந்த கேசட் மட்டும்தான் ஓடும். வலப்பக்க மேசைக் கஸ்பரின் டர்போ வேறு மாதிரி. அவர் கேசட்டை இதில் போட்டால் வெறும் இரைச்சல். கை தவறி வந்ததில்லை அக்கா, தெரிந்தேதான் அப்படிச் செய்தோம். என்னிடம் சர்க்யூட் வைத்தவன் ஆட்டத்துக்கும் என்னிடமே வரட்டும் என்று நான் நினைத்தேன், அவரும் நினைத்தார். தான் தைத்த செருப்பு தன் தெருவில் மட்டும் நடக்கும்படி தைக்க முடிந்தால் எந்தச் செருப்புக்காரன் விடுவான்?

இப்படி ஊரையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். அந்த மண்டபத்திலேயே என் பெண்ணும் அவர் மகன் ஒல்கெர்தும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே அறை, ஒரே கணினி, ஒரே ரெக்கார்டர். அதற்குள் இருப்பது என் சர்க்யூட். யாக்னா இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து சொந்தமாக எழுதிய டிராம் ஓட்டும் ஆட்டம் அதில்தான் ஓடும். ஒல்கெர்திடமோ அப்பா பதிந்து கொடுத்த கேசட் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது.

விருந்தில் கஸ்பர் உதட்டைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அந்த ரெக்கார்டரக் குடுத்தனுப்புங்க சம்பந்தி. நம்ம சர்க்யூட்ட நானே வெச்சுத் தர்றேன்."

"அதுல ஏற்கெனவே என்னோடது இருக்கே."

"இருந்தா என்ன, பிடுங்கிட்டாப் போச்சு."

"என் பொண்ணு வீட்லயே என்னோடத பிடுங்கினா சந்தைல என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"என் பையன் வீட்ல உங்களோடது இருந்தா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறதாம்?"

"ரெண்டு மூஞ்சியும் அப்புறம் பாத்துக்கலாம், சாறு ஆறுது" என்றாள் தனுதா.

அவர் சொன்னதும் நியாயம்தான். யாருடையது கழற்றப்பட்டாலும், 'சொந்தப் பிள்ளையே வைத்துக்கொள்ளவில்லையாம்' என்று மறுநாளே மண்டபம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் யார் அந்த மேசைக்கு வருவார்கள்? ஆனால் கஸ்பர் அதோடு நிறுத்தவில்லை. "டிராம் ஆட்டந்தானே? அழிச்சிட்டு வேற எழுதிக்கட்டும்" என்றார்.

யாக்னா கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா, உங்க டிரங்குப் பெட்டில இருக்கறது பூரா எவனோ எழுதினது. நான் எழுதினது இது ஒண்ணுதான். இத அழிக்கச் சொல்ற வீட்டுக்கு நான் வரல." சொல்லிவிட்டு மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கஸ்பர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒல்கெர்த் வாசலில் நின்று அப்பாவையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். ஒரு பக்கமும் நகரவில்லை.

மறுநாள் சந்தையில் இரண்டு பஸ் மெக்கானிக்குகள் வந்தார்கள், அண்ணன் தம்பி. ஒருவனிடம் என் டர்போ, மற்றவனிடம் கஸ்பருடையது. "இவன் கேசட் என் வீட்ல ஓடுமா சார்?" என்று கேட்டான் ஒருவன். "ஓடாது" என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்ன பதில்தான். அன்றைக்கு மட்டும் அதைச் சொல்ல நாக்கு கூசியது. எழுந்து கஸ்பரின் மேசைக்குப் போனேன்.

"உள்ள இடம் இருக்கு சம்பந்தி. ரெண்டையும் வெச்சு நடுவுல ஒரு ஸ்விட்ச் போடலாம்."

"ஸ்விட்ச் போட்டா ரெண்டு கடையும் காலி."

"நம்ம பிள்ளைங்களுக்கு மட்டுந்தான். வெளிய ஒண்ணுகூடப் போகாது."

கஸ்பர் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியை எனக்காக நகர்த்திப் போட்டார். இருவரும் சேர்ந்து யாக்னாவின் ரெக்கார்டரில் வேலையை முடித்தோம். அவர் தன் சர்க்யூட்டை நான் பார்க்காதபடி கறுப்பு மெழுகு ஊற்றி மூடினார். அதற்குள் நான் என்னுடையதை மூடியிருந்தேன். யாக்னா ஸ்விட்சை இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்துவிட்டு மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள். ஜூனில் கல்யாணம், நீ வந்தே ஆகவேண்டும். ஸ்விட்ச் விஷயம் மட்டும் அத்தானுக்குக்கூடத் தெரியக்கூடாது. எங்கள் இரண்டு வீட்டு ரொட்டியும் அதில் இருக்கிறது.

உன் அடுப்புக்கு நிலக்கரியும் உன் கால்களுக்குத் தெம்பும் ஆண்டவர் குறைவில்லாமல் தரட்டும். அத்தானுக்கு என் மரியாதை.

அன்புத் தம்பி,
லுட்விக்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிட்டது. ரகசியம் என்று எழுதினேன் அல்லவா, அதை மறந்துவிடு. சந்தை வாசலிலேயே நம் பிள்ளைகள் இருவரும் தனி மேசை போட்டு, திறந்த ரெக்கார்டரும் கையுமாக அந்த ஸ்விட்சை விற்கிறார்கள். வரிசை படிக்கட்டு வரை நிற்கிறது. நானும் கஸ்பரும் ஒன்றாகச் சண்டைக்குப் போனோம். "ஸ்விட்ச் எங்களோடது, சர்க்யூட் உங்களோடது. சத்தம் போடாம ஆளுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கப்பா" என்றாள் யாக்னா. பேசி முடித்தது இது: சர்க்யூட்டுகளை நாங்கள் கொடுப்போம், மாற்றித் தரும் ஒவ்வொரு ரெக்கார்டருக்கும் எனக்கு மூவாயிரம் ஸ்லாட்டி, கஸ்பருக்கு மூவாயிரம், மீதி அவர்களுக்கு, சந்தை கலையும்போதே ரொக்கம், கடன் கிடையாது.