ஒன்றும் போடாத தட்டு

பட்டினி போட்ட செல்களும் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். சத்தியமாக வளர்ந்திருந்தன.

அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு இது மூன்றாவது வருஷம். அறுந்த தசைநாணைச் சரிசெய்யும் செல்களை ஆறு தட்டுகளில் வளர்க்கிறாள். ரத்தத்திலிருந்து பிரித்த, பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மாவை மூன்று தட்டுகளுக்குத் தினம் ஒரு சொட்டு விட வேண்டும். மற்ற மூன்றுக்குக் கிடையாது. பிளாஸ்மா விட்டவை அதிகம் வளர்ந்தால்தான் பட்டம். வெள்ளிக்கிழமை ரிவ்யூ.

"இன்னாம்மா, மூஞ்சி வாடிக்கீது?" என்றாள் பாஞ்சாலி. பன்னிரண்டு வருஷமாக அங்கே துடைத்துப் பெருக்கி, தட்டு கழுவுகிறவள். அந்தப் பிளாஸ்மாவே அவள் கொடுத்த ரத்தம்தான். அதில் அவளுக்கு ஏகப் பெருமை.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளர்றது பாஞ்சாலி. மானமே போகப் போறது."

"வுடும்மா. வெளிய வந்து வடை துன்னு." இருந்த ஒரே வடையை மூன்றாகப் பிட்டு, வாட்ச்மேனுக்கும் ஒரு துண்டு கொண்டுபோனாள்.

வீரியம் போதவில்லையோ என்று வைதேகி இரண்டு சொட்டாக்கினாள். அது அளவுக்கு மிஞ்சிப்போய், அந்தச் செல்கள் சுணங்கிவிட்டன. பட்டினித் தட்டுகளோ இன்னும் செழித்தன.

யாராவது மாற்றி விடுகிறார்களோ என்று பட்டினித் தட்டுகளை அடி அடுக்குக்கு இறக்கி, 'இதற்கு ஒன்றும் போடாதே' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினாள். மறுநாள் அவை இடம் கொள்ளாமல் நிரம்பியிருந்தன. என்னத்தைச் சொல்ல!

வெள்ளிக்கிழமை பேராசிரியர் பஞ்சாட்சரம் படங்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"போட்டா வளரலை. போடாட்டா வளருது. இந்தப் பிளாஸ்மாவால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு எழுதி மூடிடும்மா."

மூன்று வருஷம் போச்சு. வைதேகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காபி கொண்டுவந்த பாஞ்சாலி டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"இன்னா சார், பிரயோஜனம் இல்லன்ற? என் ரத்தம் சார் அது! பந்தியில ஒரு பக்கம் மட்டும் பரிமாறினா பாவமில்ல? இதுல சிவப்புல எழுதி வேற ஒட்டிக்கீது. மனசு கேக்காம, கிளவுஸ் போட்டுக்கினு அந்த மூணு தட்டுக்கும் டெய்லி ஒரு சொட்டு நான்தான் சார் உட்டுக்கினு கீறேன்!"