எரியாத விறகும் கவனக்காரரும்

கவனக்காரர் என்றொரு பிறவி உண்டு. உங்களுக்குத் தெரியாதவரல்லர். முப்பது வருடமாகத் தென்னை ஏறுகிறவன் பாதி மரத்தில் நிற்கும்போது கீழே நின்று “கவனம், கவனம்!” என்று கத்தி அவனைத் திடுக்கிட வைப்பவர், கடலிலேயே வளர்ந்தவன் வள்ளத்தைத் தள்ளும்போது கரையில் நின்று காற்றைப் பற்றி விளக்கம் சொல்பவர், பூசையில் சுவாமியார் தூபம் காட்டும்போது, அங்கியில் எப்போது தீப்பிடிக்குமோ என்று செபத்தை மறந்து பார்த்துக்கொண்டு நிற்பவர். ஆனால் விளக்கில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க, அவரே நெருப்புக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு குனிவார். அது வேறு விஷயம். அவர்தான் கவனமானவர் ஆயிற்றே!

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் இந்தப் பிறவிக்குப் பெயர் நீக்கிலாப்பிள்ளை. மீன்பிடிச் சங்கமொன்றில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் கனடாவிலிருந்து மகன் வின்சன்ற் அனுப்பிய கடிதத்தோடு ஒரு படமும் வந்தது. வாடகை வீட்டு முன்னறை. சுவரில் ஒரு மாடம். மாடத்துக்குள் காஸ் நெருப்பு. நெருப்பின் நடுவே மூன்று விறகுக் கட்டைகள். “அப்பா, இது உண்மையான விறகில்லை. அழகுக்குச் செய்து வைத்திருக்கிறார்கள். எத்தனை வருடமானாலும் எரியாது” என்று மகன் எழுதியிருந்தான்.

கனடாவையும் கண்டிராத, காஸ் மாடத்தையும் கண்டிராத நீக்கிலாப்பிள்ளை, அந்தக் கட்டைகளை எப்படிக் கவனமாக அடுக்க வேண்டும் என்று எட்டுப் பக்கத்தில் மகனுக்கு அறிவுரை எழுதினார். பொறுக்க முடியாத மகன், அடுப்போடு வந்த புத்தகத்தில் இருந்ததையே தமிழில் எழுதி அனுப்பிவிட்டான். காஸைப் பூட்டி அணைத்து, நன்றாக ஆறிய பிறகே கட்டைகளைத் தொட வேண்டும். நெருப்பு வரும் துவாரங்களை மறைக்கக் கூடாது. காஸ் மணந்தால் நெருப்புக்குச்சியைத் தொடாமல் யன்னல்களைத் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்போடு வந்த கட்டைகளைத் தவிர வேறெதையும் நெருப்பில் வைக்கக் கூடாது. இந்தக் கடைசி வரிக்கு நீக்கிலாப்பிள்ளை சிவப்பு மையால் கோடு போட்டார். மற்றவர்களுக்கு எடுத்துக் காட்ட வசதியாக இருக்குமல்லவா?

பிறகு மேசன் யாகோப்புவைக் கூப்பிட்டு, சீமெந்தில் மூன்று கட்டை வார்க்கச் சொன்னார்.

யாகோப்பு கெட்டிக்காரன். பட்டை, கணு எல்லாம் கீறி, மண்ணிறம் பூசி, கறையான் அரித்த ஓட்டைகூட வைத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது ஒன்று சொன்னான்.

“ஐயா, உது உள்ளுக்கை இன்னும் ஈரம். இந்த மாரிக்கு ஒரு மாசமெண்டாலும் கிடந்து காயவேணும்.”

“நெருப்பிலை வைச்சா அது தன்ரை பாட்டிலை காயும். உனக்கு விஞ்ஞானம் விளங்காது.”

ஹோல் சுவரோரம் செங்கல் மாடம் எழுந்தது. குசினியிலிருந்து காஸ் அடுப்பு பெயர்ந்து மாடத்துக்குள் போயிற்று. அப்போதுதான் மனைவி அற்புதராணி வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சாருங்கோ, மழையிலை விறகெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கு. உந்தச் சிலிண்டரின்ரை அடியிலை மிஞ்சிக் கிடக்கிற கொஞ்சக் காஸை நம்பித்தான் நத்தார்ப் பெருநாளுக்குப் பயத்தம் பணியாரம் சுட இருக்கிறன். அடுத்த சிலிண்டர் எப்ப வருமெண்டு கடைக்காரனுக்கே தெரியாது.”

“பத்து நிமிஷம், இஞ்சாரும். ஒரு படம் எடுத்துப்போட்டு அணைச்சுப்போடுவன். வின்சன்ற் பாக்கட்டும்.”

அந்த ஒரு படத்துக்காகத்தான் இவ்வளவும். கனடாவில் மகனுக்கு இருப்பது கொழும்புத்துறையில் தகப்பனுக்கும் இருக்கிறது என்று காட்டவேண்டும். பாவம், அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அயலட்டை வந்து கூடியது. பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் இரவல் கமெராவோடு வந்தான். நீக்கிலாப்பிள்ளை சோக்குக்கட்டியால் நிலத்தில் கோடு கீறி, அதைத் தாண்டி எவரும் கால் வைக்கக் கூடாது என்றார். மகனின் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். சிவப்புக் கோட்டு வரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு காஸைத் திறந்துவிட்டு நெருப்புப்பெட்டியைத் தேடினார். பாதுகாப்புக்காக அதை ஒளித்து வைத்தவர் அவரேதான். எங்கே என்பதுதான் நினைவில் இல்லை. சட்டைப் பையைத் தடவினார், படங்களுக்குப் பின்னால் பார்த்தார், கதிரைக்குக் கீழே குனிந்தார். காஸ் சீறிக்கொண்டிருந்தது.

“காஸ் மணக்குது!” என்றாள் அற்புதராணி.

“கவனம்! ஒருத்தரும் அசையாதேங்கோ!”

அவள் அசைந்தாள். கோட்டைத் தாண்டிப் போய்க் காஸைப் பூட்டினாள். யன்னல்களைத் திறந்து, சனத்தையெல்லாம் முற்றத்துக்கு விரட்டினாள். கால்மணி நேரம் கழித்து மணம் போயிற்று. நெருப்புப்பெட்டி அவருடைய வேட்டி மடிப்பிலேயே இருந்தது.

பற்றவைத்தார். நீல நெருப்பு கட்டைகளுக்கு நடுவே எழுந்து மஞ்சளாகச் சுருண்டது. உண்மையைச் சொல்லவேண்டும், அழகாகத்தான் இருந்தது. அற்புதராணியே ஒரு நிமிடம் பணியாரத்தை மறந்து பார்த்தாள். நீக்கிலாப்பிள்ளை கழுத்து மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு மாடத்தருகே நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அடைக்கலநாதன் ஒரு கண்ணை மூடி, “அண்ணை, கொஞ்சம் சிரியுங்கோ” என்றான்.

படார்!

சண்டை நடந்த அந்தக் காலத்தில் படார் என்று கேட்டால் எவரும் காரணம் விசாரிக்க மாட்டார்கள். “ஷெல் அடிக்கிறாங்கள்!” என்று ஒரு குரல், அவ்வளவுதான், ஹோல் வெறுமையாயிற்று. வீட்டுக்குப் பின்னால் கோடியில், பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர்க் குழிக்குள் பதினொரு பேர் இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் நீக்கிலாப்பிள்ளை. உள்ளே இருந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் “கவனம், தலை இடிபடும்” என்றார்.

மூச்சு வாங்கி முடிந்தபிறகுதான் மஃப்ளருக்குள் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தார். சீமெந்துச் சில்லு. ஒரு பக்கம் மண்ணிறம்.

விளங்கிவிட்டது. ஈரக் கட்டை வெடித்திருக்கிறது. கோட்டை ஆமிக்காரரின் ஷெல்லுமில்லை, ஒன்றுமில்லை. பதினொரு பேரில் பயப்படத் தேவையில்லை என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதைச் சொல்ல முடியாதவரும் அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் வெளியே போகலாம். சொன்னால் இனி அந்த ஒழுங்கையில் எந்தத் தென்னைக்குக் கீழே நின்று “கவனம்” என்று கத்துவது?

“காஸைப் பூட்டினியளே?” என்று இருட்டில் அற்புதராணி கேட்டாள்.

“இப்ப வெளியிலை போறது பாதுகாப்பில்லை” என்றார். சில்லைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

யாரோ செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். எல்லாரும் நடுங்கிய குரலில் மறுமொழி சொன்னார்கள். பத்து அருள் நிறைந்த மந்திரம் முடிய, ஹோலில் எத்தனை பணியாரத்துக்கான காஸ் எரிந்திருக்கும் என்று நீக்கிலாப்பிள்ளை கணக்குப் பார்த்தார். இரண்டாம் பத்து. மூன்றாம் பத்து. நாலாம் பத்தில் மனம் பொறுக்காமல் வாயைத் திறந்தார். வந்தது இதுதான்: “கவனம், ஒருத்தரும் தலையை வெளியிலை நீட்டாதேங்கோ.”

ஐந்தாம் பத்தில் அடைக்கலநாதன் டோர்ச் அடித்தான். வெளிச்சம் புருசனின் தலையில் விழ, அற்புதராணி கையை நீட்டி அவர் மயிரிலிருந்து எதையோ எடுத்தாள். இன்னொரு சில்லு. அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். எழும்பிப் படியேறினாள்.

“அக்கா, போகாதேங்கோ! அடுத்தது விழப்போகுது!” என்று எல்லாரும் கத்தினார்கள். அவளுடைய புருசன் மட்டும் கத்தவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணத்தில் அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அவள் உடைந்த பாதிக் கட்டையோடு பங்கர் வாசலுக்குத் திரும்பி வந்தாள்.

“எல்லாரும் வெளியிலை வாருங்கோ. வெடிச்சது எங்கடை ஹோலுக்குள்ளை.”

அடைக்கலநாதனின் சிரிப்பு ஒழுங்கை முடிவுவரை கேட்டது. அவள் சிரிக்கவில்லை. சிலிண்டர் காலி. எல்லாரும் போனபின் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“தெரிஞ்சுகொண்டே இருந்தனீங்கள், என்ன?”

“ஓம்” என்றார் நீக்கிலாப்பிள்ளை. அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய பேச்சு அது.

அடுத்த மூன்று நாளும் குசினியில் ஈர விறகை ஊதியவர் அவர். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, தொண்டை அடைத்த நிலையிலும், அவள் பணியாரத்தை எண்ணெயில் போடும்போதெல்லாம் “கவனம், தெறிக்கும்” என்றார். புதுவருடத்துக்கு மகனுக்கு எழுதிய கடிதத்தில், “எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஈரக் கட்டையை நெருப்பில் வைக்க, அது வெடித்துவிட்டது. நீ கவனமாக இரு” என்றும் எழுதினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படியொரு ஆள் உங்கள் வீட்டில் இல்லை என்றுதானே? நல்லது. ஆனால் இவ்வளவு நேரமும் இங்கே இருந்து ஒரு கவனக்காரரைப் பார்த்துச் சிரித்தீர்களே, வரும்போது குசினியில் அடுப்பைப் பூட்டிவிட்டுத்தான் வந்தீர்களா?