காயலான் கடை வாசல்ல நிறுத்துன வண்டி

அன்னைக்கு எனக்கு இருந்த சோலி ஒண்ணே ஒண்ணுதான். வண்டிக்கு ஒரு ரப்பர் வாங்கணும்.

பெரிய ரப்பர்கூட இல்லங்க. வண்டியோட பெட்ரோல் பம்புக்குள்ள அப்பளம் மாதிரி ஒண்ணு இருக்கும். அது கிழிஞ்சிட்டு. டேங்குல இருக்க பெட்ரோல் இன்ஜினுக்கு ஏற மாட்டேங்கு.

தொண்ணூறுகள்ல நான் பாளையங்கோட்டையில கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விட்டுக்கிட்டு இருந்தேன். அண்டா, சருவம், குத்துப்போணி, கரண்டி எல்லாம் நம்மகிட்ட உண்டு. மத்த வாடகைக் கடைக்காரங்கல்லாம் மினி லாரி வச்சிருந்தாவ. நான் மட்டும் வெள்ளக்காரன் காலத்து பிக்கப்பு வண்டி ஒண்ணு வச்சிருந்தேன். மலை எஸ்டேட்டுல கோழி அடைஞ்சு கெடந்தத ஆசைப்பட்டு வாங்கியாந்து, தட்டி, ஒட்டி, ஓட வச்சிருந்தேன்.

முன்பக்கம் பச்சை பெயிண்ட். பின்பக்கம் துரு. பின்பக்கத்த அடுத்த கல்யாண சீசன்ல பாத்துக்கிடலாம்னு விட்டாச்சு.

மூக்குல இருந்த கம்பெனி பேருல பாதி எழுத்து உதிந்து போச்சு. அது எந்த கம்பெனி வண்டின்னு எனக்கும் தெரியாது. அதுக்கும் மறந்திருக்கும்.

ஆனா எவராவது கேட்டா, "பழைய வண்டியப் பத்தின்னா எங்கிட்டல்லா கேக்கணும்!"னு சொல்லுவேன். வாய் இருக்கே!

மறுநாள் முக்கூடல்ல ஒரு கல்யாணம். பெரிய வீடு. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பாத்திரம் போய்ச் சேரணும். அங்க பேரு எடுத்தா, மேக்க அம்பாசமுத்திரம் வரைக்கும் நம்ம அண்டாதான் கொதிக்கும். பேரு கெட்டா, கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்.

தவசுப்பிள்ளை, அதான் கல்யாணச் சமையல்காரர், முன்கூட்டியே சொல்லிட்டாவ. "பாத்திரம் நேரத்துக்கு வரலன்னா, சாம்பார ஒங்க தலைமேலதான் வைப்பேன் பாத்துக்கிடுங்க."

டவுன் பஸ்ஸ புடிச்சு ஜங்ஷன்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, ஒரு பம்பு ரப்பர் வேணும்."

"எந்த வண்டிக்கு?"

"பிக்கப்பு."

"கம்பெனி?"

"மூக்குல ஒரு 'ஆர்' இருக்கு. தள்ளி ஒரு 'ஓ' இருக்கு."

கடைக்காரர் கண்ணாடியக் கழத்திட்டு என்னப் பாத்தாவ. "யம்மா, பேரு தெரியாத ஆளுக்கு மணியார்டர் அனுப்பச் சொல்லுதீயளே!"

இருந்தாலும் நல்ல மனுசர். இருந்த ரப்பரையெல்லாம் எடுத்துப் போட்டாவ. ஒண்ணு பெருசு. ஒண்ணு சிறுசு. ஒண்ணு சரியா இருந்துச்சு, ஆனா ஓட்டை எல்லாம் வேற எடத்துல.

"மேலப்பாளையத்துல ஒரு காயலான் கடை இருக்கு. பழைய பம்பு குமிச்சுக் கெடக்கும். வண்டியோட போயி ஒவ்வொண்ணா வச்சுப் பாருங்க."

"வண்டி ஓடலன்னுதான அண்ணாச்சி வந்திருக்கேன்!"

"அது ஒங்க பாடு."

திரும்பி வந்து டிரைவர் சுடலைகிட்ட சொன்னேன். சுடலை ஒல்லி ஆளு. மூளை மட்டும் கொஞ்சம் குண்டு.

"அக்கா, பம்பு இல்லன்னா என்ன? பெட்ரோல உசரத்துல வச்சா அதுவா எறங்கிரும்லா?"

ஒரு கேன்ல பெட்ரோல ஊத்துனான். ஒரு டியூப சொருகி, பானட்டுக்குள்ள விட்டான். கேன எங்கிட்ட குடுத்தான்.

"ஜன்னல் வழியா கைய வெளிய நீட்டி, இத ஒசக்கத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே வாங்க. எறக்கினீயன்னா வண்டி நின்னுரும்."

வண்டி ஓடுச்சு! பின்னால முக்கூடலுக்கு ஏத்தி வச்சிருந்த கரி புடிச்ச அண்டாவெல்லாம் கடகடன்னு ஆட, நான் கேனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு மேலப்பாளையம் போனேன்.

வழியில சைக்கிள்ல வந்த ஒருத்தன் கத்துனான். "ஏலே, இங்கன பாருங்கலே! வண்டிக்கு குளுக்கோஸ் ஏத்துதாவ!"

இன்னொருத்தன் பக்கத்துல வந்து ரொம்ப அக்கறையாக் கேட்டான். "பொழச்சுக்கிடுமாக்கா?"

காயலான் கடைக்குப் போய்ச் சேரும்போது எனக்குக் கை மரத்துப் போச்சு. கடைக்கார பாய் தொழுகைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தாவ.

"தங்கச்சி, பம்பெல்லாம் உள்ள மூலையில கெடக்கு. தேடி எடுங்க. நம்ம மச்சான் இருக்கான், நான் இப்ப வந்துருதேன்."

அந்த மச்சான் கல்லாவுல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாவ. நாங்க வந்ததையும் பாக்கல, வண்டி நின்னதையும் பாக்கல.

நானும் சுடலையும் டூல்ஸ் பையையும் கழத்துன பம்பையும் தூக்கிக்கிட்டு உள்ள போயி, குமிச்ச இரும்புக்குள்ள குடியேறிட்டோம். ஒவ்வொரு பம்பா எடுத்து, ஓட்டைய ஓட்டையோட வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கோம்.

அப்பதான் ஒரு அண்ணாச்சி வந்தாவ. நல்ல ஒசரம். வெள்ளை ஜிப்பா, நெத்தி நிறைய விபூதி.

"யம்மா, ஒங்ககிட்ட பெரிய பாக்ஸ் ஸ்பேனர் ஏதும் இருக்கா? நான் கொண்டுவந்தது சேர மாட்டேங்கு."

"இருக்கே! என்ன அண்ணாச்சி கழத்துதீய?"

"முன்னால ஒரு வண்டி செத்து நிக்கில்லா? நம்மகிட்ட இருக்க வண்டிக்கு அது கூடப்பொறந்த பொறப்பு மாதிரி இருக்கு! இந்த ஸ்டீரிங்குக்கு நான் மதுரை வரைக்கும் அலைஞ்சிட்டேன். நம்ம வண்டில அது வெடிச்சுப் போயி கம்பி தெரியுது. நாளைக்கு மகனுக்குக் கல்யாணம். அம்பாசமுத்திரத்துல வீட்டுல வாழைமரம் கட்டுதாவ, நான் இங்கன நிக்கேன்! மாப்ளைய அந்த வண்டிலதான் ஏத்திட்டுப் போவணும்னு ஒரு ஆச."

எனக்கு மனசு உருகிட்டு. ஆகா, நம்மளப் போல இன்னொரு கிறுக்கு!

ஸ்பேனரக் குடுத்தேன். சும்மா குடுத்தா நான் யாரு? யோசனையும் சேத்துக் குடுத்தேன்.

"மொதல்ல நட்டு மேல கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுங்க அண்ணாச்சி. அப்புறம் கீழ இருந்து பையப் பையத் தட்டுங்க. அலுங்காம வந்துரும்."

"அடேயப்பா! அனுபவம் பேசுது!"

நான் பூரிச்சுப் போனேன். சுடலைக்கும் வாய் சும்மா இருக்கல. "லைட்டு வளையமும் நல்லா இருந்தா விட்டுராதீய அண்ணாச்சி. இப்பம்லாம் கெடைக்கவே செய்யாது."

"பளபளன்னுல்லா இருக்கு! தெனமும் தொடச்சு வச்சிருப்பாவ போல."

"பாவம், யாரு வண்டியோ!"ன்னு நான் உச்சுக் கொட்டுனேன்.

முன்னால டங்கு டங்குன்னு சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அண்ணாச்சி ஸ்பேனரக் கொண்டாந்து குடுத்து, "நீங்க நல்லா இருக்கணும்மா"ன்னு கும்பிட்டுட்டு, பெரிய சாக்குப் பையோட பஸ்ஸுக்கு ஓடுனாவ.

அந்த நேரத்துல எங்களுக்கும் பம்பு கெடைச்சிட்டு! ஓட்டைக்கு ஓட்டை அப்படியே பொருந்துது. நான் அங்கனயே குதிச்சேன்.

வெளிய வந்தோம். சுடலை பானட்டத் தெறந்து பம்ப மாட்டுனான். ஏறி உக்காந்தான். ரெண்டு கையையும் முன்னால நீட்டுனான்.

கை காத்துல நின்னுச்சு.

"அக்கா... புடிக்கதுக்கு ஒண்ணும் இல்லியே!"

எட்டிப் பாத்தேன். மொட்டைத் தண்டு ஒண்ணு மட்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மண்ணெண்ணெய் வாடை கம்முனு அடிச்சுது. லைட்டுல வளையம் இல்லாம வண்டி என்னய முழிச்சுப் பாத்துச்சு.

வாசல்ல வேற எந்த வண்டியும் நிக்கலியேன்னு எனக்கு அப்பதான் தோணுச்சு!

மச்சான்கிட்ட ஓடுனேன். "யோவ்! எங்க வண்டி ஸ்டீரிங்க வித்துட்டீரா?"

அவுக பேப்பர எறக்குனாவ. "ஒங்க வண்டியா? நம்ம சரக்குன்னுல்லா நெனச்சேன்!"

"பின்னால இவ்வளவு பாத்திரம் இருக்கே, தெரியலையா?"

"அதையும் பழைய இரும்புன்னுதான் நெனச்சேன். அந்த அண்ணாச்சி ஒரு அண்டாவக்கூட வெல கேட்டாவ. அடியில ஒடுக்கு இருக்குன்னு விட்டுட்டாவ."

ஸ்டீரிங்கு போனதுகூட பெருசில்ல. நம்ம அண்டாவ ஒருத்தன் வேண்டாம்னு சொல்லிட்டானேன்னு இருந்துச்சு எனக்கு.

பாய் வந்தாவ. கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாவ. மச்சானத் திட்டுன திட்டுல எதுத்த கடைக்காரங்கல்லாம் வந்து நின்னு கேட்டாவ. ஆனா அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி பேரும் தெரியாது, ஊர்ல எந்தத் தெருன்னும் தெரியாது.

"தங்கச்சி, இருக்க ஸ்டீரிங்கு எல்லாத்தையும் வச்சுப் பாப்போம். எது சேருதோ, அத சும்மா கொண்டு போங்க."

வச்சுப் பாத்தோம். ஜீப்பு சேரல. டிராக்டர் சேரல. கார் சேரல. தண்டுல இருந்த பல்லுக்குச் சரியா போயி உக்காந்தது ஒண்ணே ஒண்ணுதான்.

ஒரு பழைய பஸ்ஸோட ஸ்டீரிங்கு!

எங்க வண்டிக்குள்ள அது வட்டமேசை போட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு உக்கார பாதி எடம்தான் மிச்சம். சுடலை வளைவுல திருப்பணும்னா கொஞ்சம் எந்திரிக்கணும். ஒவ்வொரு தடவை எந்திரிக்கும்போதும் அவன் முழங்கை என் தோள்ல இடிக்கும்.

பேட்டை தாண்டி ஒரு பெரியவர் கை காட்டுனாவ. நிறுத்துனோம்.

"கடையம் போவுமா?"

"இது பஸ்ஸு இல்ல தாத்தா."

"ஸ்டீரிங்கு பஸ்ஸுதானப்பா!"

பொழுது சாயும் முன்ன முக்கூடல் போயிட்டோம். தவசுப்பிள்ளை அண்டாவ எறக்கிக்கிட்டே எங்க வண்டிய எட்டிப் பாத்து, "கரண்டிக்குத் தகுந்த கைப்பிடி வேண்டாமா?"ன்னு கேட்டாவ. நான் கேக்காத மாதிரி கரண்டியத் தொடச்சேன்.

மறுநாள் காலையில மேளம் முழங்குது. மாப்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாவன்னு எல்லாரும் ஓடுதாவ. நானும் எட்டிப் பாத்தேன்.

பூ அலங்காரத்தோட ஒரு பிக்கப்பு வருது. மூக்குல முழுப் பேரும் இருக்கு. லைட்டுல என் வளையம் மின்னுது. ஓட்டிட்டு வந்தது யாரு? விபூதி அண்ணாச்சி! அவுக கைக்குள்ள என் ஸ்டீரிங்கு, மாலை போட்டுக்கிட்டு இருக்கு!

என்னப் பாத்ததும் அண்ணாச்சிக்கு மொகம் மலர்ந்து போச்சு. "யம்மா! நீங்களா!" கூட்டத்துக்கு நடுவுல நின்னு சத்தமாச் சொல்லுதாவ: "நேத்து இந்த அம்மா மட்டும் ஸ்பேனர் குடுக்கலன்னா, இன்னைக்கு நம்ம வண்டி வந்திருக்காது!"

எல்லாரும் என்னக் கும்பிடுதாவ. நானும் கும்பிட்டேன். வேற என்ன செய்ய? மாப்ளைக்கு அப்பா! அங்கன நின்னு, "களவாணி ஸ்டீரிங்கு"ன்னு நான் கத்துனா கல்யாணம் என்னாவும்? என் கடை என்னாவும்?

தாலி கட்டுத வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பந்தி ஆரம்பிச்சதும் அண்ணாச்சி பக்கத்துல போயி காதோட சொன்னேன்.

"அண்ணாச்சி, நேத்து நீங்க கழத்துனீயள்லா, ஒரு செத்த வண்டி? அது எந்திருச்சு வந்திருக்கு. பந்தலுக்குப் பின்னால நிக்கி. ஒங்களப் பாக்கணுமாம்."

வந்து பாத்தாவ. பச்சை முன்பக்கம், துரு பின்பக்கம், நடுவுல பஸ் ஸ்டீரிங்கு. அண்ணாச்சிக்கு வேர்த்துட்டு.

"யம்மா... சத்தியமா கடை வண்டின்னுல்லா நெனச்சேன்! சம்பந்தி வீட்டுல தெரிஞ்சா மானம் போயிரும். வெளிய சொல்லிராதீய. இப்பமே மாட்டித் தாரேன்."

பட்டு ஜிப்பாவ கழத்தி பந்தக்கால்ல தொங்கப் போட்டாவ. மாப்ளை வண்டியப் பின்னால கொண்டாந்து, அவுகளும் சுடலையும் என் ஸ்டீரிங்கக் கழத்த ஆரம்பிச்சாவ.

அந்த நேரம் பாத்து உள்ள இருந்து, "மாப்ளைக்கு அப்பா எங்க? தாம்பூலம் வாங்கணும்லா!"ன்னு தேடுதாவ.

சமாளிக்கணுமேன்னு நான் சொன்னேன். "வயித்துக்குக் கொஞ்சம் சரியில்லன்னு பின்னால போயிருக்காவ."

அவ்வளவுதான்! தவசுப்பிள்ளை கரண்டியோட வந்துட்டாவ. "வயித்துக்குச் சரியில்லையா? என் சாப்பாட்டையா சொல்லுதீய?"

"சாப்பாடு இல்ல..."

"அப்பம் ஒங்க அண்டாவுல ஈயம் பூசலையா?"

ஐயோ! நான் வச்ச வெடி என் காலடியிலயே வெடிக்கு. "அண்டா சுத்தம்! அண்ணாச்சிக்குப் பொதுவாவே வயிறு அப்படித்தானாம்!"னு போட்டேன் ஒரு போடு.

அண்ணாச்சி கையில கிரீஸோட வந்தாவ. பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க சுத்தி நின்னு ஓமத் தண்ணிய நீட்டுதாவ. அவுக என்னப் பாத்தாவ. நான் "குடிங்க"ன்னு கண்ணால சொன்னேன். கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சாவ. இன்னொரு டம்ளரும் குடுத்தாவ. அதையும் குடிச்சாவ.

லைட்டு வளையத்த நான் திருப்பிக் கேக்கல. கல்யாண மொய்யா இருந்துட்டுப் போவட்டும்.

சாயங்காலம் பொண்ணு மாப்ளை கெளம்புதாவ. என் ஸ்டீரிங்கு எங்கிட்ட வந்துட்டுல்லா, அப்ப அவுக வண்டில என்ன இருக்கும்? அதேதான். அண்ணாச்சி அந்தப் பெரிய வட்டத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. பொண்ணு ஒரு ஓரத்துல ஒடுங்கிக் கெடக்கு. மாப்ளை பாதி ஜன்னலுக்கு வெளிய.

தெருமுனையில வண்டி திரும்புதப்ப அண்ணாச்சி எந்திரிச்சு நின்னு திருப்புனாவ.

பொண்ணோட சித்தி என் பக்கத்துல வந்து, "ஏளா, காலையில வரும்போது இப்படி இல்லியே. அது என்ன, அவ்வளவு பெரிய ஸ்டீரிங்கு?"ன்னு கேட்டாவ.

நான் சொன்னேன்: "மாப்ளை வீடுல்லா மைனி... எல்லாம் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும்."