கஞ்சாச் செடிக்குக் கருப்பட்டி பரிமாறிய முள்ளம்பன்றி

ளொப்... ளொப்... என்று கொப்பரையில் பாகு கொதிக்கும் சத்தம் ஒரு காட்டில் ஒரு காலத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. காட்டின் கிழக்கோரத்தில் மனிதர்கள் பதநீர் காய்ச்சினார்கள். பிறகு பனைகள் போயின, மனிதர்கள் போனார்கள், சத்தமும் போயிற்று. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த சங்கிலி என்ற முள்ளம்பன்றிக்கு, உலகத்தின் எந்தக் கோளாறையும் கருப்பட்டி சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் போகவில்லை.

கருப்பட்டிக்கு மசியாத கோளாறு ஒன்று அவன் வளையிலேயே இருந்தது. அவன் மனைவி பூவாயியின் இடுப்பை எப்போதோ ஒரு கண்ணிக் கம்பி கடித்திருந்தது. முள்ளம்பன்றிகள் பகலில் தூங்குபவை. அந்த வலியில் பூவாயி பதினொரு மாதமாகப் பகலிலும் தூங்கவில்லை, இரவிலும் தூங்கவில்லை. வளைச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த வேர்களை எண்ணியபடி படுத்திருந்தாள்.

"இருநூத்திப் பதினாலுங்க," என்றாள் ஒருநாள். "நேத்து ஒண்ணு புதுசா வந்திருக்கு."

ஆந்தை வைத்தியர் கஞ்சா இலைக் கஷாயம் எழுதிக் கொடுத்தார். காட்டுச் சட்டம் அதை அனுமதித்தது. ஆனால் சட்டத்துக்கு நிபந்தனைகள் இருந்தன. வைத்தியர் சீட்டு உள்ள வளைக்கு ஒரே ஒரு செடி. அதை வீட்டிலேயே தொட்டியில் வளர்க்க வேண்டும். பங்குனிப் பௌர்ணமியன்று மேற்பார்வையாளர் வந்து பார்த்து முத்திரை குத்தும் வரை ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. தவறினால் மறுவிண்ணப்பம். மறுவிண்ணப்பத்துக்கு மூன்று ஆண்டு வரிசை. பூவாயிக்கு அதுவரை எண்ணுவதற்கு வேர்கள் போதாது. சங்கிலி ஒரு செடியைத் தொட்டியில் நட்டுக் காத்திருந்தான்.

பக்கத்து வளையில் அகிலாண்டம் என்ற முயல் இருந்தாள். படித்தவள். ஓயாத காது இரைச்சலுக்காக அவளும் ஒரு செடி வைத்திருந்தாள். காட்டுக்கு வந்த யாரோ தவறவிட்ட கைப்பேசி ஒன்று அவளிடம் இருந்தது. பாறை மேல் ஏறி நின்றால் அதற்கு உயிர் வரும்.

"தம்பி, செடி பூக்கிற சமயத்துல இயற்கையான இனிப்பு கொஞ்சம் குடுக்கலாம்னு போட்டிருக்கு," என்றாள் அவள் பாறையிலிருந்து. "வெல்லப்பாகோ கருப்பட்டியோ. ஒரு குடம் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி. பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை."

சங்கிலியின் முட்கள் மகிழ்ச்சியில் சிலிர்த்தன. "கருப்பட்டியா! அப்பவே நெனைச்சேன்க்கா."

"முழுசாக் கேளு. செடி நேரா இனிப்பைத் தின்னாது. மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கு, அதுதான் தின்னும். அதுக்கு ஒரு கரண்டியே விருந்து."

விருந்து என்ற சொல்லோடு சங்கிலியின் காது அடைத்துக்கொண்டது.

அந்தக் காட்டில் விருந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் இலையை மடக்கும் வரை பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டும். 'போதும்' என்று வாயால் சொல்வதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது மரியாதைக்குச் சொல்வது. இலை விரிந்திருக்கும்போது கரண்டியைக் கீழே வைத்த குடும்பத்துக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

சங்கிலி கரடிப் பாறைச் சந்தையிலிருந்து கருப்பட்டியைச் சிப்பம் சிப்பமாகச் சுமந்து வந்தான். கரைத்து ஊற்றினான். செடி தன் இலைகளை விரல் விரலாக விரித்தபடி நின்றது.

"இன்னும் கேக்குது," என்றான்.

"என்னங்க, அந்தக்கா ஒரு கரண்டின்னாங்களே," என்றாள் உள்ளேயிருந்து பூவாயி.

"அவங்க வீட்டுல விருந்துக்கு யாரு போறா? இலை விரிச்சிருக்கு பாரு. எப்படி நிறுத்துறது?"

காலையில் ஊற்றினான், மாலையில் ஊற்றினான். நடுவில், வழியில் கிடைத்த தேனடையையும் பிழிந்தான். எறும்புகள் வந்தன. அந்தக் காட்டில் யாரும் முண்டியடிக்காமல் நகர்ந்த ஒரே வரிசை அதுதான். தொட்டி மண்ணில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. வேர் அழுகிற புளிப்பு வாசனை வளைக்குள் வந்தது. ஒன்பதாம் நாள் செடி தளர்ந்தது. பச்சை வெளிறி, இலைகள் ஒவ்வொன்றாக உள்பக்கம் சுருண்டு மடங்கின.

சங்கிலி கரண்டியை வைத்துவிட்டுக் கைகூப்பினான். "பூவாயி! மடக்கிருச்சு! வயிறு நெறைஞ்சு மடக்கிருச்சு!"

பூவாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "செத்துப்போச்சுங்க," என்றாள். பிறகு திரும்பிப் போய், சுவரைப் பார்த்துப் படுத்தாள். ஒன்று, இரண்டு என்று மறுபடி தொடங்கினாள். சங்கிலி தொட்டியின் அருகில் உட்கார்ந்து, அவள் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பௌர்ணமியன்று காலையில் மேற்பார்வையாளர் கனகசபை வந்தார். அவர் ஒரு கரடி. கையில் பதிவேடு, கழுத்தில் முத்திரை.

"என்னய்யா சங்கிலி, படிவத்துல ஒன்பதாம் கேள்விக்கு என்ன எழுதியிருக்கே? 'செடிக்கு இயற்கை இனிப்பு ஊட்டம் தரப்படுகிறதா, ஆம் எனில் அளவு?' அதுக்கு நீ, 'ஆம், இலை மடக்கும் வரை.' இப்படி ஒரு அளவை நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"எங்க வழக்கம் அதுங்கய்யா."

"சரி, மண் பரிசோதனை செய்வோம்." கரடி ஒரு நகத்தை மண்ணில் விட்டு நக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். உறுதிசெய்துகொள்ள இன்னொரு முறை நக்கினார். பிறகு மேலதிகாரி சிறுத்தையார் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று தொட்டியையே தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மண் போயிற்று, எறும்புகள் போயின, நடுவில் குறுக்கே நின்ற செடியும் போயிற்று.

"தகவல் உண்மை," என்று எழுதி முத்திரை குத்தினார். "செடி உள்ளது."

சங்கிலி காலித் தொட்டியை எட்டிப் பார்த்தான். "ஐயா, அது உங்க வயித்துல இருக்குங்களே."

"எங்க இருக்குன்னு படிவத்துல கேள்வி இல்லைய்யா."

அடுத்து அகிலாண்டத்தின் வளை. அவள் செடி அவள் காதைவிட உயரமாக, கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றது. கரடி அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மண்ணை நக்கினார். முகம் சுளித்தார்.

"ஏம்மா, இனிப்பு குடுக்கிறதா எழுதியிருக்கீங்க. இனிப்பே இல்லையே?"

"பதினைஞ்சு நாளைக்கு ஒரு கரண்டி சார். அதை மண்ணுல இருக்கிற உயிர் தின்னுடும். அதுக்குத்தானே குடுக்கிறது?"

"கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர் தின்னுட்டார். இதை நான் எழுதினா சிறுத்தையார் என்னைத் தின்னுடுவார். பொய்த் தகவல். செடி பறிமுதல்."

"சார், அளவு பார்த்துக் குடுத்தது தப்பா?"

"தப்புன்னு யாரும்மா சொன்னா? ருசி இல்லைன்னு சொல்றேன்."

செடியை வேர்மண்ணோடு தோளில் போட்டுக்கொண்டு பாதி வழி போனபோது கரடிக்கு வியர்த்தது. பதிவேட்டில் சங்கிலி வீட்டுச் செடி இருக்கிறது; வீட்டில் இல்லை. மறுசோதனைக்குச் சிறுத்தையார் வந்தால் பதிவேடு பொய்யாகிவிடும். திரும்பி வந்து, அகிலாண்டத்தின் செடியைச் சங்கிலியின் காலித் தொட்டியில் நட்டார்.

"இப்ப பதிவேடு சரி. மாசா மாசம் வருவேன். கருப்பட்டியை நிறுத்திடாதே. செடிக்கு வேண்டாம், பக்கத்துல ஒரு கிண்ணத்துல வை."

சங்கிலி பாதி இலைகளைப் பறித்துக்கொண்டு முயலிடம் ஓடினான். "அக்கா, இது உங்களோடது. எடுத்துக்குங்க."

அகிலாண்டம் மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "எங்கிட்ட அனுமதி இல்லை தம்பி. தொடக் கூடாது. பூவாயிக்குக் குடு, போ."

அவன் கஷாயம் வைத்தான். பூவாயி முகர்ந்து பார்த்தாள்.

"அகிலாண்டக்கா வீட்டுச் செடிதானே இது?"

சங்கிலி அடுப்பை அணைத்தான். அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்து வளைப் பக்கமே பார்த்தாள். பிறகு குடித்தாள். வெயில் உச்சிக்கு வந்தபோது, முப்பத்தாறாவது வேரில் எண்ணிக்கை நின்றது. சங்கிலி அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. மூச்சு மட்டும் சீராக வந்தது.

நீதி: அளந்து ஊற்றுகிறவள் வீட்டில் செடி தழைக்கும், அளக்காமல் ஊற்றுகிறவன் வீட்டில் மனைவி தூங்குவாள்.

அகிலாண்டம் மேல்முறையீட்டு வரிசையில் ஒன்பதாவது இடம் வரை வந்து, இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் அங்கேயே இறந்துபோனாள்.